ரிங்கிட்டும் சிங்கப்பூர் வெள்ளியும் மறுபடி ஒன்றாகலாமா?

கேள்வி — 12 ஜனவரி 2025

ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 7-ஆம் தேதி கையெழுத்தாகிவிட்டது. அடுத்த ஆண்டுக் கடைசியில் இரு கரையையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயிலும் ஓடும் என்கிறார்கள். இரண்டு நாட்டுப் பொருளாதாரமும் சேர்ந்தேதான் ஏறுகிறது, சேர்ந்தேதான் இறங்குகிறது. 1967 வரை இரண்டு பக்கமும் ஒரே பணம்தானே புழங்கியது? மறுபடி ஒரே நாணயம் கொண்டுவந்தால் என்ன கெட்டுப்போகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

12 ஜனவரி, இரவு

கல்லூரியில் பொருளாதாரம் படிக்கவில்லை, ஆனால் இந்தக் கேள்வி தினமும் என் சட்டைப்பையில் இருக்கிறது. வீடு மலேசியாவில் ஜோகூர் பாருவில், வேலை சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு மின்னணு ஆலையில். சம்பளம் சிங்கப்பூர் வெள்ளியில் (டாலரில்) வருகிறது, வீட்டுக்கடன் ரிங்கிட்டில் போகிறது. அதனால் இதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் பல வருடமாகப் படித்து வருகிறேன்.

நீங்கள் சொன்னதில் முதல் பாதி சரி. சேர்ந்து இறங்குவதை ஆலைக்குள்ளேயே கண்ணால் பார்க்கலாம். மந்தம் வருகிறது என்று பத்திரிகை எழுதும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். முதலில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் நிற்கும். அப்புறம் சனிக்கிழமை. பிறகு சிப்புகளைச் சூட்டில் வைத்துச் சோதிக்கும் அடுப்புகளில் பாதியை அணைத்துவிடுவார்கள், அந்தப் பக்கம் நடந்து போனால் காற்று சில்லென்று இருக்கும், எப்போதும் இருக்கும் இரைச்சலும் இருக்காது. அந்த வாரமே பினாங்கில் பாயான் லெப்பாஸில் இருக்கும் சிநேகிதனைக் கூப்பிட்டால் அவனும் அதையேதான் சொல்வான். இரண்டு பேரும் செய்வது ஒரே பொருளின் வெவ்வேறு பகுதி, வாங்குகிறவனும் ஒருவனே. அமெரிக்காவில் கணினி விற்பனை சுணங்கினால் ஜோகூர் நீரிணையின் இரு கரையிலும் ஓவர்டைம் நிற்கும்.

எண்களும் இதையே சொல்கின்றன. 1985-இல் இரண்டும் சுருங்கின. 1998-இலும் இரண்டும் சுருங்கின. 2001-இல் சிங்கப்பூர் சுருங்கியது, மலேசியா அரை விழுக்காடுதான் வளர்ந்தது. 2009-இல் மலேசியா 1.5 விழுக்காடு கீழே, சிங்கப்பூர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. 2020-ஐச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாம் பாதி, அதாவது "அதனால் ஒரே நாணயம்" என்பது, அவ்வளவு லேசில்லை. நாளை எழுதுகிறேன், காலை நான்கு மணிக்கு எழ வேண்டும்.

13 ஜனவரி

முதலில் "1967 வரை" என்பதைச் சரிசெய்துவிடலாம், ஏனென்றால் உண்மையில் அது 1973 வரை நீண்டது. அந்த ஆறு வருடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புருணை ஐந்துக்கும் சேர்த்து ஒரே நாணய வாரியம் இருந்தது. ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்ற விலை 1906-இலேயே குறித்தது. புழக்கத்தில் விட்ட பணத்துக்கு ஈடாக லண்டனில் ஸ்டெர்லிங், அதாவது பிரிட்டிஷ் பவுண்டு, சொத்து இருக்கும். வாரியத்துக்கு நினைத்தபோது நோட்டு அடிக்க முடியாது, வட்டியைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது. ரப்பரும் வெள்ளீயமும் விற்றுப் பணம் வந்தால் நாட்டில் பணம் பெருகும், விலை விழுந்தால் சுருங்கும். கொரியப் போர் சமயத்தில் ரப்பர் விலை ஏறியபோது தோட்டத்துக்காரரும் சிங்கப்பூர்த் துறைமுகமும் சேர்ந்தே சம்பாதித்தார்கள். அப்போதும் நீங்கள் சொல்லும் அதே ஒத்திசைவுதான்.

1965 ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் பிரிந்தது. பிரிந்த பிறகும் ஒரே நாணயத்தை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இரு தரப்பும் பேசின. இது பலருக்குத் தெரியாது. அனைத்துலகப் பண நிதியமும் உதவிக்கு வந்தது. 1959-இல் தொடங்கிய மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவே இரண்டு நாட்டுக்கும் பணம் வெளியிடட்டும், சிங்கப்பூரின் கையிருப்பைத் தனிக் கணக்கில் வைக்கலாம் என்பது வரை பேச்சு வந்துவிட்டது. முட்டுக்கட்டை விழுந்த இடம் அந்தத் தனிக் கணக்கில்தான். அதிலுள்ள சொத்துக்குச் சட்டப்படி உரிமையாளர் யார்? பேங்க் நெகாராவா, சிங்கப்பூர் அரசா? மலேசியாவின் நிதியமைச்சர் டான் சியூ சின், சிங்கப்பூரின் நிதியமைச்சர் லிம் கிம் சான். இரு பக்கமும் இறங்கி வரவில்லை. 1966 ஆகஸ்டில் தனித்தனி நாணயம் என்று அறிவித்துவிட்டார்கள்.

1967 ஜூன் 12-ஆம் தேதி மலேசிய வெள்ளி, சிங்கப்பூர் வெள்ளி, புருணை வெள்ளி மூன்றும் வெளிவந்தன. மூன்றுக்கும் ஒரே தங்க மதிப்பு, ஒன்றுக்கு ஒன்று. எந்த நாட்டு வங்கியும் மற்ற இரண்டையும் கழிவில்லாமல் ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தம். ஆக நோட்டில் படம் வேறு, பணம் ஒன்று. 1973 மே 8-ஆம் தேதி மலேசியா அதிலிருந்து விலகியது. ஜூனில் இரண்டு நாணயத்தையும் சந்தை விலைக்கு மிதக்க விட்டார்கள். கூட்டாக இருந்த பங்குச் சந்தையும் அதே வருடம் பிரிந்தது. கூட்டு விமான நிறுவனம் அதற்கு முந்தின வருடமே பிரிந்துவிட்டது.

இதில் எங்கேயும் "நம் பொருளாதாரங்கள் சேர்ந்து ஏறி இறங்கவில்லை, அதனால் பிரிவோம்" என்று யாரும் சொல்லவில்லை. நான் திரும்பத் திரும்ப நினைப்பது இதைத்தான்.

13 ஜனவரி, பின்னர்

பினாங்கு ஹர்த்தால் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், அதுவும் இந்தக் கதைதான். புதிய வெள்ளி வந்த பிறகும் பழைய மலாயா நோட்டுகள் புழக்கத்தில் இருந்தன. 1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. புதிய வெள்ளி குறையவில்லை, ஸ்டெர்லிங்கோடு கட்டிய பழைய நோட்டு மட்டும் குறைந்தது. ராத்திரிக்கு ராத்திரி ஒரு வெள்ளி 85 காசு ஆனது. வங்கிக் கணக்கு வைத்திருந்தவன் முன்பே மாற்றியிருப்பான். தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்த ஏழைக்குத்தான் அடி. பினாங்கில் நவம்பர் 24-ஆம் தேதி கடையடைப்புப் போராட்டமாகத் தொடங்கியது கலவரமாகி உயிர்ப்பலியில் முடிந்தது. நாணயத்தைச் சேர்ப்பதையும் பிரிப்பதையும் அதிகாரிகள் மேசையில் முடிக்கும் வேலை என்று பேசுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

15 ஜனவரி

முதல் பதிவில் மந்த வருடங்களைப் பட்டியல் போட்டதோடு நிறுத்திவிட்டேன், புருணையைச் சேர்க்காமல் அது முழுமையாகாது.

1967-இல் சேர்ந்திருந்த மூன்றில் மலேசியா விலகியது. மீதி இரண்டும் இன்றைக்கும் ஒன்றாகவே இருக்கின்றன. பலர் இதை நம்புவதில்லை. போன மாதம் சிங்கப்பூரில் தேக்கா சந்தைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீதிச் சில்லறையில் ஒரு புருணை பத்து வெள்ளி வந்தது. சுல்தான் படம் போட்டது. பக்கத்தில் நின்ற பையன் ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவன், கள்ளநோட்டு என்று நினைத்துக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "செல்லும்பா, வச்சுக்க" என்று அடுத்த ஆளுக்குத் தட்டு போடப் போய்விட்டார். அந்த நோட்டு எந்த வங்கிக்குப் போனாலும் பத்து வெள்ளிக்குப் பத்து வெள்ளிதான், கழிவு கிடையாது. வங்கிகள் பிரித்து எடுத்து அனுப்ப, அது புருணைக்குத் திரும்பிப் போகும். 2017-இல் இந்த ஒப்பந்தத்தின் 50-ஆம் ஆண்டுக்கு இரு நாடுகளும் ஐம்பது வெள்ளி நினைவு நோட்டே வெளியிட்டன.

இப்போது சொல்லுங்கள், புருணையும் சிங்கப்பூரும் சேர்ந்தா ஏறி இறங்குகின்றன? இல்லவே இல்லை. புருணை எண்ணெயும் எரிவாயுவும் விற்றுப் பிழைக்கும் நாடு. சிங்கப்பூர் கச்சா எண்ணெயை வாங்கிச் சுத்திகரித்து விற்கும் ஊர், சிப்பும் வங்கியும் துறைமுகமும் உள்ள ஊர். 2013 முதல் 2016 வரை நான்கு வருடம் தொடர்ந்து புருணையின் பொருளாதாரம் சுருங்கியது. அந்த நான்கு வருடமும் சிங்கப்பூர் வளர்ந்தது. 2020-இல் உலகமே விழுந்தபோது சிங்கப்பூரும் ஏறக்குறைய 4 விழுக்காடு விழுந்தது, புருணை ஒரு விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது.

சேர்ந்து ஏறி இறங்கிய மலேசியாவோடு போட்ட ஒன்றியம் ஆறு வருடத்தில் முறிந்தது. ஒத்தே போகாத புருணையோடு போட்டது ஐம்பத்தேழு வருடம் தாண்டி ஓடுகிறது. அப்படியென்றால் ஒத்திசைவு மட்டுமே ஒன்றியத்தைத் தாங்கும் தூண் இல்லை.

15 ஜனவரி, இரவு

"அப்போ புருணை எப்படித் தாங்குது?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

எனக்குப் புரிந்த அளவில் மூன்று காரணம். ஒன்று, சின்ன நாடு, நாலரை லட்சம் பேர். ஓட்டுகிறவர் சிங்கப்பூர் என்று ஒப்புக்கொண்டு பின்னால் உட்கார்ந்துவிட்டது, திசை பற்றிச் சண்டை கிடையாது. இரண்டு, வெளியிடும் பணத்துக்கு முழு ஈடாகச் சொத்து வைத்திருக்கிறது, 1966-இல் முறிந்துபோன அந்த "கையிருப்பு யாருடையது" என்ற கேள்வியே எழாது, அவரவர் கையிருப்பு அவரவரிடம். மூன்றாவதுதான் பெரியது. கெட்ட காலத்துக்கு எடுத்துச் செலவழிக்க எண்ணெய்ச் சேமிப்பு இருக்கிறது. எண்ணெய் விலை விழுந்த வருடங்களில் அரசு பற்றாக்குறையில் ஓடியது, ஆனால் சம்பளம் கொடுத்தது. தனிநபர் வருமான வரியும் கிடையாது. நாணய மதிப்பைக் குறைத்துத் தப்பிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வரவில்லை.

மூன்றில் ஒன்றுகூட மலேசியாவுக்குப் பொருந்தாது.

18 ஜனவரி

கோலாலம்பூரிலிருந்து எழுதும் ஒரு பேராசிரியர் ஐயா, பொருளியலாளர் ராபர்ட் மண்டெல் நாணய ஒன்றியம் பற்றி 1961-இல் எழுதிய கட்டுரையை நினைவூட்டியிருக்கிறார். நன்றி ஐயா. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரே அடி எல்லாப் பகுதிக்கும் விழுந்தால் ஒரே நாணயம் போதும். வெவ்வேறு அடி விழுந்தால், ஒன்று ஆட்கள் வேலை இருக்கும் இடத்துக்குப் போக முடிய வேண்டும், அல்லது கூலியும் விலையும் வளைந்து கொடுக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் இன்னொன்று சேர்த்தார்கள், பொதுக் கஜானாவிலிருந்து அடிபட்ட பகுதிக்குப் பணம் போக வேண்டும்.

1998-இல் ஃபிராங்கல், ரோஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் வேறு மாதிரி வாதாடினார்கள். முன்கூட்டியே ஒத்திசைவு வேண்டும் என்று காத்திருக்காதே, ஒன்றியத்தில் சேர்ந்தால் வணிகம் பெருகும், வணிகம் பெருகினால் ஒத்திசைவு தானே வரும் என்று. பேராசிரியர் ஐயா இதை ஆதரிக்கிறார். எனக்கு இங்கேதான் ஒப்பவில்லை. தானே வருவதாக இருந்தால் புருணைக்கு இந்நேரம் வந்திருக்க வேண்டும். மலேசியாவுக்கோ நாணயம் பிரிந்த பிறகும் ஒத்திசைவு போகவில்லை. அதைக் கொண்டுவந்தது ஆலைகள், ஒரே வாங்குபவனுக்கு இரண்டு கரையும் சரக்கு செய்வது. இரண்டு நாட்டை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது என்பார், சரிதான், ஆனால் நாம் பேசுவது இந்த மூன்று நாட்டைப் பற்றித்தானே.

இதைவிட முக்கியமான ஒன்று. "சேர்ந்து இறங்குவது" என்று சொல்லும்போது நேரத்தை மட்டும் பார்க்கிறோம், ஆழத்தைப் பார்ப்பதில்லை. 1998-இல் இரண்டும் விழுந்தன. மலேசியா 7.4 விழுக்காடு, சிங்கப்பூர் 2.2 விழுக்காடு. ஒரே காய்ச்சல்தான், ஆனால் ஒருவருக்கு மாத்திரை போதும், மற்றவர் ஐசியுவில். ஒரே நாணயம் என்றால் இருவருக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு.

அப்போது நடந்ததைப் பாருங்கள். நெருக்கடிக்கு முன் அமெரிக்க டாலருக்கு 2.50 அருகே இருந்த ரிங்கிட் 1998 ஜனவரியில் 4.88 வரை விழுந்தது. செப்டம்பரில் பிரதமர் மகாதீர் 3.80-இல் கட்டினார், மூலதனம் வெளியே போகத் தடை போட்டார், நாட்டுக்கு வெளியே ரிங்கிட்டை விற்று வாங்கவும் தடை. சிங்கப்பூரில் கிளாப் என்ற பங்குச் சந்தையில் மலேசியப் பங்கு வாங்கி வைத்திருந்த ஒரு லட்சத்துக்கும் மேலான பேரின் பங்குகள் அப்படியே முடங்கின. எங்கள் பழைய அண்டைவீட்டுக்காரர் அதில் ஒருவர். ஓய்வுக்காலப் பணத்தை அதில் போட்டிருந்தார், அந்த இரண்டு வருடம் அவரை யாரும் பேச்சுக்கு இழுப்பதில்லை.

சிங்கப்பூர் என்ன செய்தது? வெள்ளியைக் கொஞ்சம் இறங்க விட்டது, அதோடு 1999 ஜனவரியில் மத்திய சேமநிதியில் முதலாளியின் பங்கை 20-இலிருந்து 10 விழுக்காடாக வெட்டியது. 1986-இலும் இதே வைத்தியம்தான், 25-இலிருந்து 10. அதாவது நாணயத்தைக் குறைப்பதற்குப் பதில் கூலிச் செலவைக் குறைத்தார்கள். நாணய ஒன்றியத்துக்குள் இருக்கும் நாடு கெட்ட காலத்தில் செய்ய வேண்டியது இதுதான். சிங்கப்பூரில் அது நடக்கும், தொழிற்சங்கமும் அரசும் முதலாளியும் ஒரே மேசையில் உட்காருவார்கள். மலேசியாவில் ஆசிரியர், தோட்டத் தொழிலாளி, போலீஸ்காரர் எல்லோர் கூலியையும் ஒரு கையெழுத்தில் குறைக்க எந்த அரசால் முடியும்? என் அக்கா ஜோகூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ரிங்கிட் விழும்போதெல்லாம் அவள் சம்பளம் மறைமுகமாகக் குறைகிறது, விலைவாசியில் தெரிகிறது, திட்டிக்கொண்டே சமாளிக்கிறாள். அதையே அரசாணை போட்டுக் குறைத்தால் தெருவுக்கு வருவாள், நானும் கூட நிற்பேன்.

19 ஜனவரி

"வெள்ளி ஏறினால் உனக்கு லாபம்தானே, அதனால்தான் பிரிந்தே இருக்கட்டும் என்கிறாய்" என்று ஒருவர். லாபம்தான், மறைக்கவில்லை. 1973-இல் ஒன்றுக்கு ஒன்று. 1997 நெருக்கடிக்கு முன் வெள்ளிக்கு 1.75 ரிங்கிட். போன வருடத் தொடக்கத்தில் 3.50-ஐத் தொட்டது. நாணயமாற்றுக் கடை வரிசையில் அன்றைக்கு எல்லார் முகத்திலும் சிரிப்பு. ஆனால் அதே கடையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் என் அக்கா வீடு, அங்கே வாடகையும் மீன் விலையும் எங்களைப் போன்றவர்களால்தான் ஏறுகிறது என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்வாள். அவள் சொல்வது நியாயம். ஒரு குடும்பத்துக்குள்ளேயே மாற்று விகிதம் ஒருவருக்குக் கொடுக்கிறது, ஒருவரிடமிருந்து எடுக்கிறது. ஒரே நாணயம் வந்தால் இது நிற்கும், அந்த ஆசையின் நியாயம் எனக்குப் புரிகிறது. அதற்குப் பதில் அவள் வேலை ஆபத்தில் போகும் என்பதுதான் என் பயம்.

25 ஜனவரி

நேற்று சிங்கப்பூர் நாணய ஆணையம் கொள்கையைத் தளர்த்தியது, 2020-க்குப் பிறகு முதல் முறை. எப்படித் தளர்த்தியது என்று கவனியுங்கள். வட்டியைக் குறைக்கவில்லை. வெள்ளி உயரும் வேகத்தைக் குறைத்தது. 1981 முதலே அவர்கள் வழி இது, வணிகக் கூட்டாளிகளின் நாணயங்களை ஒரு கூடையாக வைத்து, அதற்கு எதிரே வெள்ளியை ஒரு பட்டைக்குள் நகர்த்துவார்கள். வட்டி வெளியிலிருந்து தானாக வரும். மலேசியா வட்டியைக் கையில் வைத்திருக்கிறது, 3 விழுக்காடு, இந்த வாரம் தொடவில்லை.

ஒரே நாணயம் என்றால் யாருடைய முறை? சிங்கப்பூருக்கு வணிகம் அதன் மொத்த உற்பத்தியைப் போல மூன்று மடங்கு, அதற்கு மாற்று விகிதம்தான் கடிவாளம். மலேசியாவில் வீட்டுக்கடன்காரனும் சிறு வியாபாரியும் வட்டியைப் பார்த்து வாழ்கிறார்கள். பேங்க் நெகாரா ஆளுநர் சிங்கப்பூர் நாணய ஆணையம் இருக்கும் ஷென்டன் வேக்குக் கையெழுத்து வாங்கப் போவாரா, அவர்கள் கோலாலம்பூருக்கு வருவார்களா? 1966-இல் நின்ற இடத்துக்கே திரும்ப வந்துவிட்டோம்.

9 பிப்ரவரி

ஐரோப்பா செய்யவில்லையா என்று மூன்று பேர். செய்தது. 2003 ஜூன் முதல் 2005 டிசம்பர் வரை ஐரோப்பிய மத்திய வங்கி வட்டியை 2 விழுக்காட்டில் வைத்திருந்தது. அன்று ஜெர்மனி சோர்ந்து கிடந்தது, அதற்கு அது பொருத்தம். ஸ்பெயினில் ஏற்கனவே வீடு கட்டும் ஜுரம், அதற்கு அந்த வட்டி நெருப்புக்கு எண்ணெய். வெடித்த பிறகு தனி நாணயம் இல்லாததால் இறக்க வழியில்லை, 2013-இல் வேலையின்மை 26 விழுக்காட்டைத் தாண்டியது. நான்கில் ஒருவர். பள்ளி முடித்த பிள்ளைகள் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போனார்கள். ஆனாலும் ஐரோப்பியர்கள் ஈரோவை விடவில்லை, அதற்கு இரண்டு உலகப் போர்களின் நினைவு பின்னால் நிற்கிறது. நம் இரு நாடுகளுக்குப் பின்னால் நிற்பது 1965-இன் நினைவு. அது சேர்த்துவைக்கிற நினைவு இல்லை.

ஈரோ பற்றி இதற்கு மேல் என்னிடம் கேட்க வேண்டாம், அங்கே வாழ்கிறவர்கள் எழுதட்டும்.

18 மார்ச்

இன்று தேதியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. மண்டெல் சொன்ன "ஆட்கள் போக முடிய வேண்டும்" என்பதை இந்த இழையில் எல்லோரும் இங்கே இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறோம். நாளுக்கு மூன்று லட்சம் பேர் கடக்கிறார்கள், உலகத்திலேயே நெரிசலான எல்லைகளில் ஒன்று, இதைவிட இடப்பெயர்ச்சி எங்கே இருக்கிறது என்று.

2020 மார்ச் 16 இரவு அறிவிப்பு வந்தது, 18-ஆம் தேதி முதல் மலேசியா எல்லையை மூடுகிறது என்று. 17-ஆம் தேதி முழுக்கக் கடற்பாலம் நிரம்பி வழிந்தது. தலையணையும் துணிப்பையுமாக ஆட்கள் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடினார்கள், அந்தப் பக்கம் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. நானும் ஓடினேன். கம்பெனி ஒரு ஹோட்டல் அறையில் நான்கு பேரைப் போட்டது. ஒரு மாதம் என்று நினைத்துப் போனவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் வீட்டைப் பார்க்கவில்லை. ஜன்னலில் நின்றால் ஜோகூர் பாரு விளக்குகள் தெரியும். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு அந்தச் சமயத்தில் குழந்தை பிறந்தது, முதல் முகம் பார்த்தது போனில். 2022 ஏப்ரல் 1-இல்தான் கதவு முழுசாகத் திறந்தது.

ஒரே அறிவிப்பில் நின்றுபோகிற பெயர்ச்சியை ஒரு நாணய ஒன்றியத்துக்கு அடித்தளம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? சாதாரண நாளிலும் இது பெயர்ச்சிதான், உரிமை இல்லை. நான் பெர்மிட்டில் இருக்கிறேன். வேலை போனால் பெர்மிட் போகும், சில வாரத்தில் ஊருக்குத் திரும்ப வேண்டும். மந்தத்தில் ஜோகூரில் வேலை இல்லாதவன் சிங்கப்பூரில் வேலை தேடிப் போவது மண்டெலின் படம். எங்களுக்கு நடப்பது தலைகீழ், சிங்கப்பூரில் மந்தம் வந்தால் அது முதலில் எங்களை ஜோகூருக்குத் திருப்பி அனுப்புகிறது. சிங்கப்பூரின் வேலையின்மையில் ஒரு பங்கு எங்கள் ஊர்க் கணக்கில் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம், புத்தகங்களில் நான் அதிகம் பார்க்காதது.

5 ஏப்ரல்

டிரம்ப் வரி. 2-ஆம் தேதி அறிவிப்பில் சிங்கப்பூருக்கு 10 விழுக்காடு, மலேசியாவுக்கு 24. இப்போதைக்கு சிப்புக்கு விலக்கு, மேசைநாற்காலி, கையுறை, மற்ற சரக்குகளுக்கு இல்லை. ஒரே நீரிணை, அகலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம், இரண்டு கரைக்கும் இரண்டு அளவு அடி. மூவாரில் மேசைநாற்காலி ஆலை வைத்திருக்கும் ஒருவர் இந்த இழையிலேயே எழுதியிருக்கிறார், ஏற்றுமதி ஆர்டர் நிற்கிறது என்று. அவருக்கு இப்போது ரிங்கிட் கொஞ்சம் இறங்கினால் மூச்சு வரும். சிங்கப்பூருக்கு அந்த அவசரம் இல்லை. அறுபது வருட எண்களை வைத்து ஒத்திசைவு இவ்வளவு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாலும், அடுத்த அடியை வாஷிங்டனில் ஒருவர் பட்டியல் போட்டுத் தீர்மானிப்பார் என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது.

எண்ணெய் விஷயத்திலும் இப்படித்தான். 2014 நடுவில் டாலருக்கு 3.20 இருந்த ரிங்கிட் அடுத்த வருடம் செப்டம்பரில் 4.40-ஐத் தாண்டியது, காரணம் பெரும்பாலும் எண்ணெய் விலை. மின்னணு மந்தம் என்றால் நாம் இரட்டைப் பிள்ளைகள், எண்ணெய் விழுந்தால் வேறு வேறு வீடு.

10 ஜூலை

பேங்க் நெகாரா நேற்று வட்டியை 2.75 ஆக்கியது. சிங்கப்பூர் ஜனவரியிலும் ஏப்ரலிலும் தளர்த்தியது. கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "பார்த்தீர்களா, இருவரும் ஒரே திசையில்தானே போகிறார்கள்" என்கிறார். ஒரே திசைதான். ஆறு மாதம் தள்ளி, வேறு கருவியால், வேறு அளவில், அவரவர் வீட்டு நிலைமை பார்த்துப் போனார்கள். அந்த ஆறு மாத இடைவெளியைத் தான் தீர்மானிக்கும் உரிமையை இருவரில் யாரும் விற்க மாட்டார்கள், விற்கவும் வேண்டாம் என்பதே என் பக்கம்.

11 ஜூலை

"எல்லாம் வேண்டாம் என்றால் எதுதான் வேண்டும்?" நியாயமான கேள்வி.

ஒரே நாணயத்தால் கிடைக்கும் வசதியில் பாதி ஏற்கனவே வந்துவிட்டது. 2023 நவம்பரில் போனில் பணம் அனுப்பும் சிங்கப்பூரின் பேநவ்வையும் மலேசியாவின் டூயிட்நவ்வையும் இணைத்த பிறகு, வெள்ளியை ஓய்வு நேரத்தில் போனிலேயே ரிங்கிட்டாக அக்கா கணக்குக்கு அனுப்புகிறேன். மாற்றுக் கடை வரிசை எனக்குப் போயே போய்விட்டது.

வராமல் இருப்பது பொதுக் கஜானா பகுதி. சிங்கப்பூரில் பெர்மிட்டில் வேலை செய்யும் மலேசியனுக்கு மத்திய சேமநிதி கிடையாது. இந்த ஏப்ரலில் சிங்கப்பூர் தொடங்கிய வேலை தேடுவோர் உதவித்தொகையும் எங்களுக்கு இல்லை. மலேசியாவில் 2018 முதல் வேலையிழப்புக் காப்புறுதி இருக்கிறது, அது மலேசிய முதலாளியிடம் வேலை செய்பவருக்கு. ஆக இரு பொருளாதாரங்களும் சேர்ந்து விழும்போது நடுவில் விழுகிறவன் இரண்டு வலையிலும் சிக்குவதில்லை. ரயில் ஓடத் தொடங்கினால் இன்னும் பல்லாயிரம் பேர் இந்த நடுவில் வருவார்கள்.

சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் முதலீட்டாளருக்கு வரிச்சலுகை தருகிறது, நிபுணர்களை வேலைக்கு எடுக்கவும் வழி செய்கிறது. அதே மேசையில் இன்னொன்றையும் பேசலாம். கடக்கும் தொழிலாளி ஒவ்வொருவர் பேரிலும் முதலாளி மாதம் ஒரு சிறு தொகை கட்டட்டும், வேலை போனால் மூன்று மாதம் பாதிச் சம்பளம் வரட்டும், பணத்தை இரண்டு நாடும் சேர்ந்து நிர்வகிக்கட்டும். சிங்கப்பூர் முதலாளிகள் எங்கள் தலைக்கு இவ்வளவு என்று அரசுக்கு மாத லெவி ஏற்கனவே கட்டுகிறார்கள், அதிலிருந்தே ஒரு பகுதியை ஒதுக்கலாம். கையிருப்பு யாருடையது என்ற 1966 கேள்வி இதிலும் வரும், ஆனால் இந்த முறை தொகை சின்னது, பேசித் தீர்க்கலாம். இந்த வாரக் கடைசியில் எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு இருக்கிறது. இதை ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போகிறேன். ஜோகூர்க்காரர்கள் யாராவது கையெழுத்துப் போட விரும்பினால் தனிச்செய்தி அனுப்புங்கள்.